செம்பியன் கடையில் கருப்பர்

எங்கள் வேலங்குளத்துக் கண்மாய்க் கரையில் ஏழு தலைமுறையாகக் குதிரைமேல் உட்கார்ந்திருந்த கரைமேல் கருப்பர், ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, ஒன்பதரை மணி டவுன் பஸ் போன பிறகு, குதிரையை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்து வந்தார். ஒன்றரை ஆள் உயரம், முறுக்கிய மீசை, தோளில் அரிவாள், முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிய வேட்டி, உடம்பெல்லாம் விளக்கெண்ணெயும் திருநீறும் கலந்த வாசம். உச்சி வெயிலில் நின்றாலும் அவருக்கு நிழல் விழவில்லை. அவரை முதலில் பார்த்தவள் கண்மாயில் துணி துவைத்துக்கொண்டிருந்த மூக்காயி, அவள் துணியை ஒதுக்கி வழிவிட்டாள்; இரண்டாவது டீக்கடை வெள்ளைச்சாமி, அவன் "சாமிக்குச் சக்கரை தூக்கலாவா, கம்மியாவா" என்று கேட்டான்; மூன்றாவது, கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், கையிலிருந்த சாதிச் சான்றிதழைத் தலைகீழாக வைத்து நகல் எடுத்துவிட்டேன்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். குறுக்கே வந்துவிட்டால் அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் நாள் ஊரே விழுந்து கும்பிட்டது. இரண்டாம் நாள், விழுந்தவர்கள் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்கள்: காணாமல் போன எருமை எந்தத் திசையில் போனது, மகனுக்குச் சிங்கப்பூர் விசா எப்போது வரும், பஞ்சாயத்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவன் உள்ளூர்க்காரனா வெளியூர்க்காரனா, மருமகள் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா, போன வருஷம் மழை ஏன் பெய்யவில்லை, இந்த வருஷம் ஏன் இப்படிக் கொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் கருப்பர் சற்று யோசித்து, தலையை மெல்ல ஆட்டி, "எனக்குத் தெரியலையே அப்பா" என்றார். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் நெருங்கி வந்து, உலகத்தைப் படைத்தது தாங்களா என்று பணிவாகக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் அதிக நேரம் யோசித்தார். "நான் வரும்போதே இது இருந்துச்சு" என்றார்.

வெள்ளைச்சாமி தினமும் கொடுத்த டீயை அவர் குடித்தார், குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார், ஆனால் கிளாஸில் டீ அப்படியே இருந்தது. முதல் நாள் அந்த டீயை ஊர் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பிரசாதமாகப் பகிர்ந்துகொண்டோம். நாலாம் நாள் கடைக்கு வந்தவர்கள் மட்டும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்கள். பதினைந்தாம் நாள் வெள்ளைச்சாமி அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கிளாஸைக் கழுவினான். யாரும் ஏன் கொட்டினாய் என்று கேட்கவில்லை. மனுஷனுக்கு எதுவும் பழகிவிடும், சாமி உட்பட.

இதற்குள் கருப்பர் தமக்கென்று ஓர் இடம் பிடித்துவிட்டார். அந்த இடத்தைத்தான் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கோயிலுக்கு அவர் திரும்பவில்லை, ஊர்த் தலைவர் சாத்தையா அம்பலத்தின் வீட்டில் பட்டு ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார்கள், அங்கேயும் போகவில்லை. என் கடைக்கு நேர் எதிரே, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற செம்பியன் கடைக்குள் குனிந்து நுழைந்து, எரிந்துபோன மோட்டார்களுக்கு நடுவே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், செம்பியன் தன் கையாலேயே முப்பது வருஷத்துக்கு முன்பு கறுப்புப் பெயிண்டில் எழுதிய இரண்டு சொற்கள் இருந்தன: கடவுள் இல்லை.

செம்பியன் யார் என்று சொல்ல வேண்டும். பிறந்தபோது வைத்த பெயர் பழனியாண்டி. இருபது வயதில் அதை உதறிவிட்டுச் செம்பியன் ஆனவர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மட்டும் மாற்றி ராக்கம்மாளைக் கட்டிக்கொண்டவர். அவளையும் பெயரை மாற்றச் சொன்னார், அவள் மாட்டேன் என்றாள், அந்த ஒரு விஷயத்தில் தோற்றவர். வேலங்குளம் பகுத்தறிவு வாசகர் வட்டத்தின் தலைவர் அவர்; வட்டத்தில் மொத்தம் மூன்று பேர். கைச்சுத்தமும் வாய்ச்சுத்தமும் உள்ள மனிதர், எங்கள் ஊரில் அவர் கட்டிய காயில் ஒன்றுகூட வருஷத்துக்குள் எரிந்ததில்லை, அதனால் சாமி கும்பிடாதவன் என்று வைதுகொண்டே எல்லோரும் அவரிடம்தான் மோட்டாரைக் கொடுத்தோம்.

எங்கள் ஊரில் சாமியை யாரும் மரியாதை வைத்துக் கூப்பிடுவதில்லை. நெருக்கமானவரை நீ என்றுதானே சொல்வோம். "ஏன் சாமி இப்படிப் பண்றே" என்றுதான் எழுபது வயதுக்காரர்களும் அழுவார்கள். தமிழாசிரியரை விட்டால் செம்பியன் ஒருவர்தான் கருப்பரை "வாங்க, உக்காருங்க" என்றார், வெளியூர்க்காரரைக் கூப்பிடுவது மாதிரி. கும்பிடவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, எத்தனை சுற்று என்று முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். கருப்பர் தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நானே போய், "ஏன் சாமி, வெளக்குப் போடுற வீடு எத்தனையோ இருக்க, இங்க வந்து உக்காந்திருக்கியே" என்று கேட்டேன்.

"இங்கதான்ப்பா என்னை யாரும் ஒண்ணும் கேக்குறதில்லை" என்றார் கருப்பர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாசகர் வட்டம் கூடியது. செம்பியன், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் அறவாழி, மருந்துக்கடை தனராசு, மரப்பெட்டியில் கருப்பர், வாசலில் வேடிக்கை பார்க்க நாங்கள் ஐம்பது பேர்.

அறவாழி எழுந்து நின்றார். "கண்ணால பாத்ததை நம்புன்னு ஊர் ஊராப் பேசினோம், தோழர். இப்பக் கண்ணால பாத்தாச்சு. நான் விலகிக்கிறேன். இது தோல்வி இல்லை, இதுதான் பகுத்தறிவு."

தனராசு விடவில்லை. "நாம பாத்தது ஒரு ஆளை. ஆளு பெருசு, ஒத்துக்கிறேன். நெழலு இல்லை, அதையும் ஒத்துக்கிறேன். நெழலு இல்லாட்டி சாமியா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஏங்க, நீங்கதான் சொல்லுங்க, நீங்க சாமியா?"

கருப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்றார்.

செம்பியன் சுவரைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில், "இருக்காரு. கண்ணு முன்னால இருக்கிறவரை இல்லைன்னு சொன்னா நான் முட்டாள். ஆனா இருக்காருங்கறதுக்காகக் கையெடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு? சுவத்துல எழுதுனது நான், அழிக்கணும்னா யோசிச்சு அழிக்கிறேன்" என்றார். வட்டத்தின் நோட்டில் அன்று எழுதப்பட்டதை நான்தான் பிறகு நகல் எடுத்தேன்: தோழர் அறவாழி விலகினார், கருப்பர் இருக்கிறார் என்பது ஏற்கப்பட்டது, கும்பிடுவது குறித்து முடிவு எட்டப்படவில்லை.

வாசலில் நின்ற ஐம்பது பேரும் குழம்பிப் போனோம். இல்லை என்பவன் நாத்திகன் என்றுதான் எங்களுக்குத் தெரியும். இருக்கிறது, ஆனால் கும்பிடமாட்டேன் என்பவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதைவிடப் பெரிய விஷயம், பேசி முடித்து வேலைக்கு உட்கார்ந்த செம்பியனுக்குக் கம்பியின் சுற்றுக் கணக்கு தவறியது. கணக்குத் தவறுகிற ஆள் இல்லை அவர். ஏன் தவறியது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரியாதது போல வீட்டுக்குப் போனோம்.

செம்பியனுக்கும் ராக்கம்மாளுக்கும் ஒரு பெண் இருந்தாள், மணிமொழி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, ஏழு வயதில், ஐப்பசி மழையில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. தெருப் பெண்கள் எல்லாம் கூடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கருப்பர் சந்நிதியில் மணலில் கிடத்தி ஒரு நேர்ச்சை நேர்ந்துகொள், மண்ணில் ஒரு பிள்ளை பொம்மை செய்து வைக்கிறேன் என்று சொல், சரியாகிவிடும் என்றார்கள். பூசாரி அடைக்கலம் வேளார் திருநீற்றுத் தட்டோடு வாசலுக்கே வந்துவிட்டார். செம்பியன் குறுக்கே நின்று, அதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது என்று சொல்லி, வேன் பிடித்துப் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அன்றைக்கு ஒருவர் சொன்னார், ஒரு வார்த்தை நேர்ந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று. பிறகு ஊரே சொன்னது. அவர் காதுக்கு எட்டாமல், ஆனால் எட்டிவிடக்கூடிய தூரத்தில், இருபத்திரண்டு வருஷம் சொன்னது. நானும் சொல்லியிருக்கிறேன். அவரிடம் தினமும் பேப்பர் ஓசி வாங்கிப் படித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூசுகிறது.

சாமி இல்லையென்றால் அந்தப் பேச்சு வெறும் பேச்சு. சாமி இருந்துவிட்டால்? செம்பியன் தினமும் காலையில் கடையைத் திறந்து, அந்த மரப்பெட்டியைப் பார்க்காமல் பார்த்து, கம்பியைச் சுற்ற உட்காரும்போது எல்லாம் அந்த ஒரு கேள்விதான் கடைக்குள் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. கேட்டால் பதில் வந்துவிடும். அதனால் அவர் கேட்கவில்லை. ராக்கம்மாளும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் டிபன் கேரியரைக் கொண்டுவந்து வைப்பாள், கருப்பரை ஒரு பார்வை பார்ப்பாள், போய்விடுவாள். பிள்ளை போனதிலிருந்து அவள் செவ்வாய்தோறும் கரைக்குப் போய்க் குதிரைக்கு எதிரே ஒரு நாழிகை உட்கார்ந்து வருவது ஊருக்குத் தெரியும். புருஷன் செய்த பாவத்துக்குப் பொண்டாட்டி மாப்புக் கேட்கிறாள் என்று நாங்கள் உச்சுக்கொட்டுவோம்.

புரட்டாசி பிறந்ததும் புரவியெடுப்புப் பேச்சு வந்தது. மழைக்கு முன்னால் வேளார்கள் மண்ணில் குதிரை செய்து சுட்டு, ஊரே தோளில் சுமந்துபோய்க் கருப்பருக்கு முன்னால் நிறுத்துகிற திருவிழா அது. இந்த வருஷம் சாமியே தெருவில் நடமாடும்போது அவருக்குக் குதிரை எடுப்பதா வேண்டாமா என்ற சந்தேகம் வந்து, அம்பலம் தலைமையில் போய் அவரிடமே கேட்டோம்.

"வேண்டாம்ப்பா. ஏற்கெனவே கொண்டாந்த குதிரைகளே நிக்க இடமில்லாம நிக்குது. காலு ஒடிஞ்சு, காது ஒடிஞ்சு. பாக்கவே கஷ்டமா இருக்கு" என்றார் கருப்பர்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடைக்கலம் வேளார், எதற்கும் முறைப்படி பூப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சந்நிதியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னால், வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். கரைக்குப் போனோம். வெறும் முதுகோடு நின்ற குதிரைக்கு முன்னால் சூடம் காட்டினோம். வெள்ளைப் பூ வந்தது.

"சாமி வேணாம்னுச்சே" என்றேன் நான்.

வேளார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது அவரு பேசுறது. இதுதான் வாக்கு. பேசுறவரு ஆயிரம் பேசுவாரு. வாக்கு மாறுமா?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. சாமி வேண்டாம் என்றாலும் பூசாரி விடமாட்டார் என்பது எங்கள் ஊரில் நாங்கள் சேர்த்துக்கொண்டது. கருப்பரிடம் போய்ச் சொன்னபோது, "அப்படியா? வெள்ளையா வந்துச்சு?" என்று அவரும் ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

குதிரை செய்ய முதலில் பிடிமண் கொடுக்க வேண்டும். வழக்கமாக அம்பலம் ஒருவர்தான் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார். இந்த வருஷம் அதிசய வருஷம் என்பதால், வீட்டுக்கு ஒரு பிடி வாங்குவது, ஒரு வீடும் விட்டுப்போகக் கூடாது என்று முடிவாயிற்று. கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், கடைசியாக, ஒரு பகல் பன்னிரண்டரை மணிக்கு, செம்பியன் கடை வாசலுக்கு வந்து நின்றோம். உள்ளே செம்பியன் காயிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். கருப்பர் பெட்டியில் இருந்தார். ராக்கம்மாள் அப்போதுதான் கேரியரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தாள்.

"செம்பியா, ஒரு பிடி மண்ணு. உங்க வாசல் மண்ணு போதும். கும்பிடக்கூட வேண்டாம்" என்றார் சாத்தையா அம்பலம்.

"வேணாம் மாமா. மோட்டாரு குடுங்க, கட்டித் தாரேன். மண்ணு குடுக்கமாட்டேன்."

"அவரு முன்னாலேயே சொல்றியே."

"அவரும் வேண்டாம்னுதானே சொன்னாரு."

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அம்பலம் கெட்டவர் இல்லை. ஆனால் எழுபது வயதில் நாலு பேர் முன்னால் சிரிப்புக்கு ஆளானால் யாருக்கும் நாக்கு நழுவும். "இந்த வீம்புதானே உன் புள்ளையக் கொண்டுபோச்சு. அன்னிக்கே ஒரு வார்த்தை நேந்திருந்தா இன்னிக்கு அவ பேரன் பேத்தி பெத்துக் குடுத்திருப்பா" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக முதுகுக்குப் பின்னால் நடந்த பேச்சு அன்றுதான் முகத்துக்கு முன்னால் வந்தது. செம்பியன் பிரஷைக் கீழே வைத்தார். துணியில் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கருப்பரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. நான் நேந்திருந்தா எம்புள்ள பொழைச்சிருக்குமா?"

அந்தக் குரலில் கட்சி இல்லை, வட்டம் இல்லை, முப்பது வருஷப் பேச்சு எதுவும் இல்லை. ஒரு தகப்பன் மட்டும் இருந்தான். எனக்கு என் கடைக்குள் ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கருப்பர் வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள் ராக்கம்மாள் பேசினாள்.

"அவரைக் கேக்காதீங்க. நான் நேந்தேன்."

செம்பியன் திரும்பினார்.

"நீங்க வேன் பிடிக்கப் போனீங்கள்ல, அந்த நேரத்துல. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுப் பின்வாசல் வழியாக் கரைக்கு ஓடுனேன். மழை. மணல்ல கிடத்தினேன். பொம்மை வைக்கிறேன்னு மட்டுமா சொன்னேன்? முடியக் குடுக்கிறேன், கண்ணைக் குடுக்கிறேன், என்னைய எடுத்துக்க, அவளை விட்டுருன்னு சொன்னேன். சொல்லிட்டுத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து வேன்ல ஏறுனேன்." அவள் கருப்பர் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு தாயி" என்றார் கருப்பர்.

"பெறகு?"

கருப்பர் தம் கைகளைப் பார்த்தார். ஒவ்வொரு கையும் ஒரு முறம் அளவுக்கு இருந்தது. "ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். அவ கிடந்த கட்டிலுக்குப் பக்கத்துல நின்னேன். என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியலை, தாயி. மூணு நாளும் நின்னேன்."

ராக்கம்மாளின் முகத்தில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை வந்து உனக்கு எதிர்ல உக்காந்தேனே, கும்பிடவா உக்காந்தேன்? ஒருநாள் ஒரு கையெடுத்திருக்கேனா? உன் மூஞ்சியப் பாத்து, ஏன்னு கேக்கத்தான் வந்தேன். நீ இருக்கேன்னு எனக்கு அப்பவே தெரியும். இருக்கேன்னு தெரிஞ்சுதான் கும்பிடுறதை விட்டேன்" என்றாள்.

செம்பியன் மோட்டார்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏன் ராக்கு எங்கிட்டச் சொல்லலை? இருபத்திரெண்டு வருசம். என்னாலதான், நான் குறுக்க நின்னதாலதான்னு, நான் தினமும்..." அவர் சுவரில் எழுதியதைக் கையால் காட்டினார். "இல்லை இல்லைன்னு மேடையில கத்தினதெல்லாம், இருந்துறக் கூடாதேங்கிற பயத்துல கத்தினது."

"தெரியும்" என்றாள் ராக்கம்மாள். "சொல்லியிருந்தா உங்க கட்சி ஜெயிச்சிருக்கும். நேந்தும் சாமி காப்பாத்தலை பாருன்னு ஊர் ஊராப் போய்ப் பேசியிருப்பீங்க. எம்புள்ள செத்து ஒரு கட்சி ஜெயிக்கணுமா? அதான் சொல்லலை. இவ்வளவு பயந்து கிடக்கீங்கன்னு தெரிஞ்சப்பச் சொல்லியிருக்கணும். அப்ப எனக்கு உங்க மேலயும் கோவம். தப்புதான்."

செம்பியன் அழுதார். சத்தம் போட்டு அழுதார். பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக்கூட அவர் அழுததில்லை, அதையும் நாங்கள் ஒரு குறையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதை எங்கள் ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளாது. அம்பலம் கூடையைத் தூக்கச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஆனால் தெருமுனை திரும்புவதற்குள் அடைக்கலம் வேளார் காரணம் கண்டுபிடித்துவிட்டார். புருஷனுக்குத் தெரியாமல் நேர்ந்த நேர்ச்சை சாமிக்குச் சேராது, அதனால் அது நேர்ச்சையே இல்லை, ஆகவே நேர்ந்திருந்தால் பிழைத்திருக்கும் என்ற பேச்சு பேச்சுத்தான் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர், சாமிக்கே என்ன பண்ணுவதென்று தெரியவில்லையென்றால் நாம் யாரிடம் போவது என்று கேட்டார்கள். அதற்கு வேளார், பூப் போட்டுப் பார்க்கலாம் என்றார். மருந்துக்கடை தனராசு மட்டும், கும்பிடுவது குறித்து முடிவு எட்டப்பட்டுவிட்டதா என்று நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த மாதம் முழுக்க எங்கள் ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை செம்பியன் கடையைத் திறக்கவில்லை. எட்டு மணி வாக்கில் அவரும் ராக்கம்மாளும் தெருவில் இறங்கி நடந்தார்கள். கண்மாய்க்குக் கீழே புதைகாட்டுக்குப் போகிறார்கள் என்று திசையைப் பார்த்ததும் தெரிந்தது. மணிமொழிக்கு அவர்கள் வீட்டில் காரியம் செய்ததில்லை, திதி கொடுத்ததில்லை, படம் மாட்டியதில்லை; அவர் தனியாக ஒரு மூலையிலும் அவள் தனியாக ஒரு மூலையிலும் அழாமல் இருந்ததுதான் இத்தனை வருஷத்துத் துக்கம். நான் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை கேட்கவில்லை.

கருப்பர் பூட்டிய கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் கடந்து போகும்போது, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

செம்பியன் மனைவியைப் பார்த்தார். ராக்கம்மாள் நிற்காமல், "வரணும்னா வா" என்றாள்.

புதைகாட்டில் கருவேல் மண்டிக் கிடந்தது. சின்னப் பிள்ளைகளைப் புதைத்த பக்கத்தில் கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. இருபத்திரண்டு மழையில் மேடெல்லாம் கரைந்து ஒரே தரையாகியிருந்தது. செம்பியன் ஒற்றைப் பனைக்கு வடக்கே பத்தடி என்றார். ராக்கம்மாள் இல்லை, வாய்க்காலை ஒட்டி, அன்றைக்குக் காலில் தண்ணீர் பட்டது என்றாள். அப்போது பனை இரண்டு இருந்ததே என்றார் அவர். எந்தப் பனை என்றாள் அவள். இரண்டு பேரும் முள்ளை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள், அங்கே நின்றார்கள், இங்கே நின்றார்கள், கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். பெற்ற பிள்ளை எங்கே கிடக்கிறாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

கருப்பர் கருவேலை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தார். வாய்க்காலுக்கும் பனைக்கும் நடுவே, புல் கொஞ்சம் அடர்த்தியாக இருந்த ஓரிடத்தில் குனிந்து, தரையைத் தொடாமல், கையைக் காட்டினார்.

"இங்க" என்றார். "குதிரை மேலேருந்து பாத்தா நேராத் தெரியும். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"நெசமா?" என்று கேட்டாள் ராக்கம்மாள்.

"இது ஒண்ணு எனக்குத் தெரியும் தாயி."

அவள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நம்பினாளா, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாளா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு அவர் காட்டிய இடத்தில் சேலையை ஒதுக்கி உட்கார்ந்து, புல்மேல் உள்ளங்கையை வைத்தாள். செம்பியன் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கைமேல் தன் கையை வைத்தார். கருப்பர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ராக்கம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஏன் நிக்கிறே? நீயும் உக்காரு."